எங்கள் பிள்ளைகள் பேசுவதற்கு ஒரு ஆசிரியரைத் தாருங்கள்

மேல் மாகாணக் கல்வி அதிகாரிகளுக்கு,

வணக்கம். கொழும்பு வடக்கில் ஒரு பாடசாலை வாசலில் நடந்த அடிபிடி உங்கள் காதுக்கு வந்திருக்கும். கை முறிந்த பிள்ளை என் மகனோடு தரம் 9இல் படிக்கிறவன். விசாரணை நடக்கிறது, நடக்கட்டும். அதற்கு முன்பு நடந்ததுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

மேல்வகுப்பு மாணவர்கள் சிலர் அந்தப் பிள்ளையின் பஸ் காசைப் பறித்து வந்திருக்கிறார்கள். அவன் மட்டக்குளிவரை வெயிலில் நடந்தே வீட்டுக்குப் போயிருக்கிறான். பிந்தி வருகிறான் என்று வீட்டிலும் ஏச்சு வாங்கியிருக்கிறான். வகுப்பு முழுவதற்கும் விஷயம் தெரியும். ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று மகனிடம் கேட்டேன். "யாரிடம் அம்மா சொல்வது?" என்றான்.

அங்கே ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியை ஒருவர் இருக்கிறார். கணிதமும் அவர்தான் படிப்பிக்கிறார். இடைவேளையிலும் கொப்பி திருத்துகிற அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆலோசனை அறையில் விளையாட்டுச் சாமான்கள் அடுக்கிக் கிடக்கின்றன.

அடிபிடிக்குப் பிறகு ஒருநாள் கருத்தரங்கு வைத்தார்கள். வந்தவர் சிங்களத்தில் பேசினார், மொழிபெயர்க்க ஆள் இல்லை. அடுத்த வாரம் காலைக் கூட்டத்தில் இரு தரப்புக்கும் பிரம்படி. உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005ஆம் ஆண்டிலேயே சொன்னதே! அடிக்கக் கூடாது என்பதை அடித்தா பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது?

வேறு வழி இருக்கிறது. நோர்வேயில் சக மாணவர்களால் கொடுமைப்படுத்தப்பட்ட பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு, 1983இல் நாடு தழுவிய இயக்கம் தொடங்கியது. உளவியலாளர் டான் ஒல்வேயஸ் அங்கே வகுத்த திட்டத்தில் வகுப்பு விதிகள், இடைவேளைக் கண்காணிப்பு, பெற்றோருடன் பேச்சு எல்லாம் உண்டு. பின்லாந்தின் கிவா திட்டம் 2009இலிருந்து நாடெங்கும் பரவியது. அது சுற்றி நின்று பார்க்கும் மாணவர்களைத்தான் முதலில் மாற்றப் பார்க்கிறது. என் மகனைப் போன்றவர்களை. இரண்டுமே வகுப்பறைக்குள் தொடர்ந்து நடக்கிற வேலை, ஒருநாள் கூட்டம் அல்ல.

அதனால் கேட்கிறோம்: ஒவ்வொரு தமிழ்மொழிப் பாடசாலைக்கும் பயிற்சி பெற்ற ஆலோசனை ஆசிரியர் ஒருவரைத் தாருங்கள். வேறு பாடம் சுமத்தாமல், நேரசூசியில் அவருக்கென்று பாடவேளை ஒதுக்குங்கள். ஆண்டு முழுவதும் நடக்கிற திட்டம் ஒன்றைத் தமிழில் தாருங்கள்.

சாதாரண தரப் பெறுபேறு வந்தால் மதில் நிறையப் பதாகை கட்டுகிறோம். ஒன்பது ஏ எடுத்தவனின் படம் தெருவுக்கே தெரிகிறது. பயந்து பயந்து பள்ளிக்கு வருகிற பிள்ளையை எந்தக் கூட்டத்தில் விசாரித்தோம்? வலய அலுவலகங்களும் பெறுபேற்று விகிதத்தைத்தானே கேட்கின்றன? இதைச் சொல்லும்போது கோபம் வருகிறது, மன்னியுங்கள். பெற்றோராகிய எங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். நல்லது. ஆனால் பாடசாலைக்குள் தொலைபேசி கொண்டுபோக முடியாத பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் வேண்டும். அந்த ஆசிரியரைத்தான் கேட்கிறோம்.

அடுத்த தவணை தொடங்குமுன் தமிழ் பேசும் அதிகாரி ஒருவரை எங்கள் பெற்றோர் கூட்டத்துக்கு அனுப்பி, இந்த நியமனம் எப்போது என்று சொல்லும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
கொட்டாஞ்சேனை