தளையும் விலங்கும்

கொடைக்கானல்

அன்புள்ள மகளுக்கு,

உன் மொழிபெயர்ப்பைப் படித்தேன். வீட்டைவிட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்ட அந்த முதியவரைப் பற்றிப் பல இடங்களில் ‘விலங்கிடப்பட்டார்’ என்று எழுதியிருக்கிறாய். அவர் கையிலோ காலிலோ இரும்பு மாட்டப்படவில்லை. தோட்டத்தில் உலாவுகிறார், கடிதம் எழுதுகிறார், வந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்கிறார். அவருக்குத் ‘தளை’ என்ற சொல்லே பொருந்தும்.

விலங்கு என்றதும் காவலரும் பூட்டும் கண்முன் வந்துவிடுகின்றன. தளையோ அசைவை அடியோடு நிறுத்துவதில்லை, அதன் எல்லையைக் குறுக்குகிறது. மேயவிடும் குதிரைக்கு முன்னங்கால்கள் இரண்டையும் சிறு கயிற்றால் பிணைத்துவிடுவார்களே, அதுதான் தளை. குதிரை மேயும், மெல்ல நகரும், ஓட மட்டும் முடியாது. 1965-இல் கைதான காஷ்மீரத் தலைவர் ஷேக் அப்துல்லாவை முதலில் உதகையிலும் பின்னர் நம் ஊரிலும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். இங்கே கோகினூர் என்னும் பங்களாவில் இருந்த அவருக்குச் சிறைக்கம்பி இல்லை என்றாலும், தம் மண்ணுக்குத் திரும்பும் உரிமை இல்லை. அந்த நிலையைத் ‘தளைப்பட்டிருந்தார்’ என்று சொல்லலாம். ‘வீட்டுக்காவல்’ சட்டத்தின் சொல். செய்தித்தாளுக்குப் போதும், கதைக்குப் போதாது.

ஆனால், இச்சொல்லில் துயரம் மட்டுமே இருப்பதாக எண்ணிவிடாதே. யாப்பில் ஒரு சீரின் ஈற்றசை அடுத்த சீரின் முதலசையோடு இணைவதும் தளைதான். அதில் ஏழு வகை உண்டு. வெண்பாவுக்குள் வெண்டளையன்றி வேறு தளை புகுந்தால் ‘தளை தட்டுகிறது’ என்று கல்லூரியில் உன்னைக் கடிந்துகொண்டிருப்பார்கள். சங்கப் பாடல்களில் அரும்பு மலர்வதும் ‘தளை அவிழ்தல்’ என்றே வரும். இந்தப் பொருள்தான் உன் கடைசி அத்தியாயத்துக்கு உதவும். அந்த முதியவர் போராடி வெளியேறவில்லை, அரசாணை ஒன்று வந்து தடை நீங்குகிறது. ஆகவே ‘தளையை அறுத்தார்’ என்று எழுதினால் அவர் செய்யாத வீரத்தை அவர்மேல் ஏற்றியதாகிவிடும். ‘தளை அவிழ்ந்தது’ என்று எழுது. ‘விடுதலைக் காற்றைச் சுவாசித்தார்’ என்னும் தேய்ந்த தொடரை, தயவுசெய்து, நீக்கிவிடு.

எழுத்திலும் கவனம் வேண்டும். தளைத்தல் கட்டுதல், தழைத்தல் செழித்தல். ளகரம் ழகரமானால் கட்டுண்டவர் செழித்தவராகிவிடுவார், இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள் ஆதலால் மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணுக்கும் அது தப்பிவிடும். திருத்திய படியைப் பதிப்பகத்துக்குக் கொடுப்பதற்கு முன் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா