அந்த ஒரு பதிலடிக் கதையை விட்டு வெளியே வாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பெண் சட்டமன்ற உறுப்பினர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிக்கு அதில் ஒரே ஒரு பத்தி. அந்தப் பத்தியிலும் வாட்ஸ்அப்பில் ஆண்டுக்கு இரண்டு முறை சுற்றி வரும் அதே கதை: தேவதாசி முறை தெய்வீகமானது என்று சென்னைச் சட்டசபையில் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி பேசினாராம், அப்படியானால் இனி உங்கள் வீட்டுப் பெண்கள் அதைச் செய்யட்டும் என்று அம்மையார் சொன்னாராம், சபையே வாயடைத்துப் போனதாம். சத்தியமூர்த்தி எதிர்த்தார் என்பது உண்மை. ஆனால் அந்தப் பதிலடியை யார் சொன்னது, என்ன வார்த்தையில் சொன்னது என்பது சொல்கிறவருக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கிறது. அந்த அம்மாள் நான்கு வருஷம் சபையில் உட்கார்ந்து செய்த வேலையை இந்த ஒரு வரிக் கதை விழுங்கிவிடுகிறது, அதுதான் என் வருத்தம்.

நான் புதுக்கோட்டைக்காரி. என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தபோது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்குப் பதிவு செய்ய கிராமச் செவிலியர் வீட்டுக்கு வந்து ஆதார் நகல், பாஸ்புக் நகல் எல்லாம் வாங்கிக்கொண்டு போனார். திட்டத்தின் பெயரைப் பார்த்துவிட்டு என் மகள், "யாரும்மா இவங்க, பெரிய டாக்டரா?" என்று கேட்டாள். இதே ஊரில் பிறந்து வளர்ந்து பட்டம் வாங்கிய பெண். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, எங்கள் பள்ளிக்கூடத்திலும் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

1886-இல் இந்த ஊரில் பிறந்தவர். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்த குடும்பத்தவர். ஆண்கள் படிக்கும் கல்லூரியில் ஒரு பெண்ணா என்று எழுந்த எதிர்ப்பையும் மீறி மன்னர் அனுமதி கொடுத்ததால்தான் அவரால் அங்கே படிக்க முடிந்தது. அப்புறம் 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேர்ச்சி பெற்று டாக்டர் ஆனார். 1926-இல் இந்திய மாதர் சங்கத்துப் பெண்கள் அவர் பெயரைச் சொல்லிச் சட்டசபைக்கு நியமன உறுப்பினராக்கியபோது, மருத்துவத் தொழில் கெட்டுப்போகுமே என்று தயங்கியவர்தான். போன இடத்தில் துணைத் தலைவராகவும் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

சரி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

1927-இல் பொட்டுக்கட்டும் வழக்கத்தை, அதாவது சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கத்தை, நிறுத்த அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அவர் கொண்டுவந்த தீர்மானம் சபையில் நிறைவேறியது. வேறொருவராக இருந்தால் அதோடு மாலை வாங்கிக்கொண்டு நின்றிருப்பார். சிறுமிகளை இப்படி ஒப்படைப்பது தண்டனைச் சட்டப்படி அப்போதே குற்றம்தான், இருந்தும் வழக்கம் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று அவர் யோசித்தார் பாருங்கள், அங்கேதான் எனக்கு அவர் மேல் மரியாதை கூடுகிறது. காரணம் நிலம். பொட்டுக் கட்டிய பெண்ணுக்குக் கோயிலில் ஊழியம், அந்த ஊழியத்துக்கு மானியமாக நிலம். நிலம் குடும்பத்தில் நிலைக்க வேண்டுமானால் அடுத்த தலைமுறையிலும் ஒரு பெண் ஊழியத்துக்குப் போயாக வேண்டும், பெண் பிறக்காத வீட்டில் தத்து எடுத்தாவது பொட்டுக் கட்டினார்கள். ஒரு தாய் மனசு வைத்து "என் பொண்ணுக்கு வேண்டாம்" என்று சொன்னால் மறுநாள் சோற்றுக்கு வழியில்லை. இப்படியிருக்கும்போது மேடையில் நின்று ஒழுக்கம் பேசி என்ன பயன்?

அதனால் அவர் அறநிலையச் சட்டத்துக்கே போய் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். 1929-இல் நிறைவேறிய அந்தத் திருத்தத்தின் சாரம் இதுதான்: நிலத்தையும் ஊழியத்தையும் கட்டிப்போட்டிருந்த முடிச்சை அவிழ்ப்பது. கோயிலில் ஊழியம் செய்யாமலே நிலத்தை வைத்துக்கொள்ளலாம், அதற்கு ஈடாக ஒரு தீர்வை கட்டினால் போதும். கேட்க வறண்ட விஷயம்தான், கைதட்டல் கிடைக்கிற பேச்சும் இல்லை, எந்த வீடியோவிலும் வராது. ஆனால் ஒரு பெண் தன் மகளைக் கோயிலுக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொண்டு அதே நிலத்து நெல்லைத் தின்ன முடியும் என்ற நிலையை உண்டாக்கியது இந்த வறண்ட பிரிவுதான். அது வைதிகர்களின் கோபத்தை மட்டும் சம்பாதிக்கிற வேலை இல்லை, கோயில் சொத்தில் கை வைக்கிற வேலை. தாய் எந்த மரபில் வந்தவர் என்பதை வைத்தே தன்னைப் பேசுவார்கள் என்று தெரிந்துகொண்டே அதில் இறங்கினார்.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும், பாராட்டுக் கட்டுரைகளில் இதை யாரும் தொடுவதில்லை. அவரை எதிர்த்தவர்கள் ஆண்கள் மட்டும் இல்லை. சென்னை மாகாணத் தேவதாசிகளே சங்கம் சேர்ந்து அரசுக்கு மனு கொடுத்தார்கள். திருவையாற்றில் தியாகராஜருக்குத் தன் சொந்தக் காசில் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் அந்த எதிர்ப்பில் முன்னால் நின்றவர். எங்களை விலைமாதர்களோடு சேர்த்துப் பேசாதீர்கள், எங்களுக்குக் கல்வியும் கலையும் சொத்துரிமையும் இருக்கிறது, குறை இருந்தால் படிக்க வசதி செய்து கொடுங்கள் என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. பிற்காலத்தில் பல குடும்பங்களில் அந்த நிலம் ஆண்கள் கைக்குப் போனது, பெண்கள் கலையையும் இழந்தார்கள் சொத்தையும் இழந்தார்கள் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதே சமயம், விவரம் தெரியாத வயதுப் பிள்ளைக்குப் பொட்டுக் கட்டி அவள் ஆயுசையே எழுதிக்கொடுக்கும் வழக்கத்தை ஒரு நாளும் நியாயப்படுத்த முடியாது என்ற இடத்தில் நான் முத்துலட்சுமி அம்மாள் பக்கம்தான். அவர்களுக்குள் இருந்த கேள்வி கடினமானது. அதைச் சத்தியமூர்த்தியை மடக்கிய கதையாகச் சுருக்கினால் நாகரத்தினம்மாள் காணாமல் போகிறார், அந்தச் சங்கத்துப் பெண்கள் காணாமல் போகிறார்கள், முத்துலட்சுமி அம்மாள் எடுத்த முடிவின் கனமும் தெரியாமல் போகிறது.

1930-இல் பொட்டுக்கட்டுவதையே தடை செய்யும் மசோதாவை அவர் கொண்டுவந்தார். அதே ஆண்டில் காந்தி கைது செய்யப்பட்டதும் பதவியை விட்டு விலகிவிட்டார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஒரு பக்கம் நிற்காது. வாழ்நாள் லட்சியமான மசோதா பாதியில் கிடக்கிறது, நாற்காலியில் இருந்தால் தள்ளிக்கொண்டு போகலாம். ஆனால் தேசத்தின் தலைவரைச் சிறையில் வைத்த அரசு கொடுத்த நியமனப் பதவியில் உட்கார்ந்திருக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. விலகியது சரியா என்று என் தங்கையோடு ஒரு முறை பெரிய வாக்குவாதமே நடந்தது. இருந்து போராடியிருக்க வேண்டும் என்பாள் அவள். அவர் விலகியபின் சட்டம் வர 1947 ஆயிற்று, ஓமந்தூரார் ஆட்சியில். நடுவில் 17 வருஷம். அத்தனை வருஷமும் பொட்டுக் கட்டப்பட்ட பிள்ளைகளை நினைத்தால் தங்கை சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் அவர் சும்மா இருக்கவில்லை. அந்த மரபிலிருந்து வெளியேறிய சிறுமிகளை எந்த விடுதியும் சேர்க்காதபோது தன் வீட்டுக் கதவைத் திறந்து விட்டார், அதுதான் ஔவை இல்லம். தன் தங்கை புற்றுநோயில் இறந்த துக்கத்தைப் பல வருஷம் சுமந்து 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறக்க வைத்தார். அதெல்லாம் ஓரளவு தெரிந்த விஷயம் என்பதால் நீட்டவில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். சென்னைச் சட்டசபையின் அந்தக் கால நடவடிக்கைக் குறிப்புகள் ஆங்கிலத்தில் தடித்தடிப் புத்தகங்களாக இருக்கின்றன, எங்களைப் போன்றவர்கள் தேடிப் படிக்க வழியில்லை. 1927 முதல் 1930 வரை இந்த விஷயத்தில் சபையில் யார் யார் என்ன பேசினார்கள் என்பதைத் தமிழில் தொடராக வெளியிடுங்கள். சத்தியமூர்த்தி பேசியதையும் முழுதாகப் போடுங்கள், தேவதாசிகள் சங்கத்தின் மனுவையும் பக்கத்திலேயே போடுங்கள். நாங்களே படித்துப் பார்த்துக்கொள்கிறோம். தொடர் வந்தால் முதல் பிரதியை என் மகளுக்குத்தான் அனுப்புவேன், பேத்திக்கு இப்போது ஒன்றரை வயசு.

அன்புடன்,
ஒரு வாசகி,
புதுக்கோட்டை.