அட்டையின் மூலையை ஏன் வெட்டினீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் பழைய பேஸ்பால் அட்டைகள் (வீரர்களின் படம் அச்சிட்ட, ரசிகர்கள் சேகரிக்கும் அட்டைகள்) பற்றிய கட்டுரை படித்தேன். டாப்ஸ் நிறுவனம் 1952-இல் போட்ட மிக்கி மேன்டில் அட்டை 2022-இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது, சரி, வாயைப் பிளக்க வைக்கும் தொகைதான். ஆனால் கட்டுரை முழுக்க விலைப்பேச்சுதான். போதாக்குறைக்கு கிளீவ்லாந்து அணி வீரர் லாரி டோபியின் 1954-ஆம் ஆண்டு அட்டையின் படத்தில், இடம் போதவில்லையோ என்னவோ, அணிச் சின்னம் இருக்கும் மேல் மூலையையே வெட்டிவிட்டீர்கள்.

விஷயமே அங்கேதான் இருக்கிறது. நியூ ஜெர்சியில் இருந்தபோது வாங்கிய அதே அட்டை, முனை மழுங்கிப்போனது, என்னிடம் இருக்கிறது. பெரிதாக டோபியின் முகம், பக்கத்தில் சின்னதாக ஒரு கறுப்பு வெள்ளைப் படம், மேலே கிளீவ்லாந்து அணியின் 'சீஃப் வாஹூ': சிவந்த முகம், பெரிய மூக்கு, பல்லெல்லாம் தெரிய ஓர் இளிப்பு, தலையில் ஒற்றை இறகு. அமெரிக்கப் பூர்வகுடிகளைக் கேலி செய்யும் படம், வேறென்ன. அதை முதலில் வரைந்தது 1947-இல். அமெரிக்காவின் இரண்டு பெரிய பேஸ்பால் லீகுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் முதல் கறுப்பின வீரராக டோபி அந்த அணிக்கு ஆட வந்ததும் அதே 1947-இல்தான். முதல் நாள் சக வீரர்கள் சிலர் கைகுலுக்கக்கூட மறுத்த மனிதர், இன்னோர் இனத்தைக் கிண்டல் செய்யும் சின்னத்தைச் சட்டையில் சுமந்து ஆடியிருக்கிறார். அது சட்டையை விட்டு இறங்க 2018 சீசன் முடிய வேண்டியிருந்தது, 'இந்தியன்ஸ்' என்ற பெயர் போய் 'கார்டியன்ஸ்' வந்தது அதற்கும் பிறகு.

எல்லாச் சின்னமும் இப்படி உறுத்துவதில்லை. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்குப் பெயர் வந்தது சீருடையின் சிவப்பு நிறத்தால், கார்டினல் என்ற சிவப்புப் பறவையால் அல்ல. 1921-இல் ஒரு தேவாலய விருந்தில் மேசை அலங்காரமாக வைத்திருந்த அட்டைப் பறவைகள் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கியின் கண்ணில் பட, அடுத்த ஆண்டே மட்டைமேல் உட்கார்ந்த இரண்டு பறவைகள் சட்டைக்கு வந்துவிட்டன. அப்புறம் சட்டையிலிருந்து திரும்ப அட்டைக்கு!

சின்சினாட்டி ரெட்ஸ் அணியின் கதை இன்னும் வேடிக்கை. 1869-இல் சிவப்புக் காலுறை போட்டு ஆடியதால் வந்த பெயர், 1950-களின் கம்யூனிஸ்ட் பீதியில், கம்யூனிஸ்டுகளையும் 'ரெட்ஸ்' என்றே அழைத்ததால், அந்தப் பெயரே வம்பு என்று 'ரெட்லெக்ஸ்' ஆனது. 1955 அட்டையில் 'ரெட்லெக்ஸ்' என்ற பெயர்தான், கூடவே பந்தையே தலையாகக் கொண்ட ஒரு மனிதர்.

அடுத்த முறை விலையை வேண்டுமானால் சின்ன எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். டோபியின் அட்டையை முழுசாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோவை