ஓட்டுப் போடும் முன்: மகளுக்கு ஒரு கடிதம்

ஆம்பூர்

அன்பு மகள் கவிதாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது தேவலை. நீ அன்றைக்குக் கேட்ட கேள்விக்குப் போனில் அரைகுறையாகப் பதில் சொல்ல எனக்கு மனசில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நைட் டூட்டி முடிந்து தூங்கி எழுந்த பிறகு நிதானமாகப் படி. மாப்பிள்ளையிடமும் கொடு.

உன் ஆஸ்பத்திரி வார்டில் இருக்கும் பெரியவர்கள், "ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே வந்தோமே, நமக்கு என்ன கிடைத்தது?" என்று ஆதங்கப்படுகிறார்கள் என்றாய். மாப்பிள்ளையோ, பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வந்ததால்தான் நமக்கு விசா கிடைத்தது, அதை நாம் குறை சொல்லலாமா என்கிறார். நடுவில் நீ, அடுத்த தேர்தலில் என்ன செய்வது என்று கேட்கிறாய். கேட்க வேண்டிய கேள்விதான். காமன்வெல்த் நாட்டுப் பிரஜை என்பதால் உனக்கு அங்கே நாடாளுமன்றத் தேர்தலிலேயே ஓட்டு இருக்கிறது. உன்னோடு வேலை செய்கிற போலந்து நாட்டுப் பெண்ணுக்கு, இருபது வருஷம் அங்கேயே இருந்தாலும், குடியுரிமை வாங்காதவரை அது கிடையாது. ஒன்றியத்தில் இருப்பதா, வெளியேறுவதா என்ற 2016 வாக்கெடுப்பிலும் அப்படித்தான். அவர்கள் தலையெழுத்தை முடிவு செய்த ஓட்டில் அவர்களுக்கு இடமில்லை, நம்மவர்களுக்கு இருந்தது. அதனால் இதை ஊரார் விவகாரம் என்று நீ ஒதுக்கிவிடக் கூடாது.

முதலில் உன் ஊர்க்காரர்கள் பக்கம் நின்று பேசுகிறேன். இங்கிலாந்தில் நீ இருக்கும் பாஸ்டனில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல் வெளியேறத்தான் ஓட்டுப் போட்டார்கள். நாடு முழுவதும் எடுத்தால் 51.9 சதவீதம்தான். அவர்களைப் புத்தியில்லாதவர்கள் என்று பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. 2004இல் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்ததும், முட்டைக்கோஸ் வயலுக்கும் காய்கறி பேக்கிங் ஷெட்டுக்கும் ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். வாடகை ஏறியது. டாக்டரைப் பார்க்க நாள் கிடைக்கவில்லை. முதலாளிக்கு ஆள் மலிவாகக் கிடைத்தது. லண்டனில் இருந்தவர்கள் அதை வளர்ச்சி என்றார்கள்; வரிசையில் நின்றவர்களுக்கு அப்படித் தெரியவில்லை. அந்த மனக்குறை உண்மையானது. அதற்கு மருந்து இதுதானா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

நான் படித்து வைத்துச் சொல்கிற ஆள் இல்லை. ஷூ கம்பெனியில் ஷிப்பிங் டாக்குமென்ட் பார்த்தே தலை நரைத்தவன். எனக்குத் தெரிந்தது காகிதம். எல்லையில் ஒரு காகிதம் கூடினால் அந்தச் செலவு கடைசியில் யார் தலையில் விழுகிறது என்பதை மட்டும் என்னால் அடித்துச் சொல்ல முடியும்.

2020 கடைசிவரை நம் கம்பெனி கண்டெய்னர் நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்துக்குப் போனால் போதும். அங்கே ஒரு முறை வரி கட்டிவிட்டால் அதே குடோனிலிருந்து ஜெர்மனிக்கும் போகும், மான்செஸ்டருக்கும் போகும், யாரும் நிறுத்த மாட்டார்கள். பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்று வெளியேறி, பழைய ஏற்பாடு அந்த வருஷ டிசம்பர் 31 அன்று முடிந்ததும் அந்த வசதி போயிற்று. இரண்டு பக்கமும் வரியில்லா ஒப்பந்தம் என்று பெரிதாகச் சொன்னார்கள். ஆனால் அது அவர்கள் நாட்டில் தயாரான பொருளுக்குத்தான். ஆம்பூரில் தைத்த ஷூ நெதர்லாந்தில் ஒரு முறை வரி கட்டியும், கடலைத் தாண்டி பிரிட்டனுக்குப் போனால் இன்னொரு முறை கட்ட வேண்டும். எங்களிடம் சரக்கு வாங்கும் பெரிய பையர்கள் ஆர்டரை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள்: ராட்டர்டாமுக்கு ஒரு கண்டெய்னர், இங்கிலாந்தின் ஃபீலிக்ஸ்டோ துறைமுகத்துக்கு ஒரு கண்டெய்னர். எங்கள் மேசையில் அதே ஷூவுக்கு இரண்டு செட் இன்வாய்ஸ், இரண்டு பேக்கிங் லிஸ்ட். அதுகூடப் பரவாயில்லை, அது எங்கள் வேலை. யார்க்‌ஷயரில் ஒரு சின்ன கடைக்காரர் எங்களிடம் வருஷா வருஷம் கொஞ்சம் சரக்கு எடுப்பார். டப்ளினுக்கும் ஜெர்மனிக்கும் பார்சல் அனுப்பி ஓரளவு பிழைத்துக்கொண்டிருந்தார். ஒரு ஜோடி ஷூ சைஸ் சரியில்லை என்று திரும்பி வந்தால்கூட கஸ்டம்ஸ் படிவம், கூரியர்காரன் கட்டணம். ஒரு சீசன் பார்த்தார், மறு சீசன் ஐரோப்பா பக்கமே அனுப்பவில்லை. எங்களிடம் எடுத்த சரக்கும் பாதியாகக் குறைந்தது. இப்படி ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்வதையே கைவிட்ட பிரிட்டிஷ் நிறுவனங்கள் பதினாறாயிரத்துக்கும் மேல் என்று லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். பெரிய கம்பெனி இதற்கென்று பத்து ஆளை வேலைக்கு வைக்கும். சின்னவன் என்ன செய்வான்?

உனக்குக் கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட் ஞாபகம் இருக்கிறதா? காட்பாடி தாண்டி சித்தூர் ரோட்டில். காணிப்பாக்கம் கோயிலுக்குப் போகும்போது பஸ் ஜன்னல் வழியாக நிற்கிற லாரிகளை எண்ணிக்கொண்டே வருவாய். டிரைவர்கள் வண்டிக்கு அடியில் ஸ்டவ் வைத்துச் சோறு பொங்குவார்கள். இந்தப் பக்கம் பில், அந்தப் பக்கம் பில், நடுவில் சீல். பெரிய டிரான்ஸ்போர்ட்காரனுக்கு செக்போஸ்ட் வேலைக்கென்றே ஆள் இருப்பான். சொந்தமாக ஒரே வண்டி வைத்திருப்பவன் தானே இறங்கி வரிசையில் நிற்பான். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் அந்த விற்பனை வரிச் சோதனை ஒழிந்தது. ஜிஎஸ்டியில் எனக்கு ஆயிரம் மனத்தாங்கல் உண்டு. ரீஃபண்டுக்கு ஏற்றுமதிக்காரர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வரிசை போனது ஏழை டிரைவருக்கு நல்லது என்பதை மறுக்க முடியாது. நாம் இங்கே எடுத்துப் போட்ட கேட்டை அவர்கள் நாலு வருஷத்துக்குள் அங்கே புதிதாக நட்டார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

பிரிவதே தப்பு என்று நான் சொல்லவில்லை, கண்ணு. 2019 நவம்பரில் நம் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்களே, அதை எதிர்த்து நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜோலார்பேட்டைக்காரரும் நாட்றம்பள்ளிக்காரரும் ஒரு மனு கொடுக்க விடியற்காலையில் கிளம்பி வேலூர் சத்துவாச்சாரி வரை வர வேண்டியிருந்தது. இப்போது திருப்பத்தூரில் கலெக்டரைப் பார்க்கிறார்கள். நம் ஆம்பூருக்கு அதில் பெரிய லாபம் இல்லை, அது வேறு விஷயம். ஆபீஸ் கிட்டே வந்தது, ரோட்டில் மட்டும் கேட் வரவில்லை. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. பிரிட்டனுக்கு கேட் வந்துவிட்டது. ஆபீஸ் கிட்டே வந்ததா என்று உன் வார்டுப் பெரியவர்களையே கேட்டுப் பார். ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸில் இருந்த அதிகாரம் லண்டனுக்கு வந்தது. லண்டனிலிருந்து பாஸ்டனுக்கு வந்து சேர்ந்ததா?

வெளியேறச் சொன்னவர்கள் ஒரு சிவப்பு பஸ்ஸில், ஒன்றியத்துக்கு வாரத்துக்கு 35 கோடி பவுண்ட் அனுப்புகிறோம் என்று எழுதி ஊர் ஊராக ஓட்டினார்கள். அந்தப் பணத்தை உங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கலாம் என்று பேச்சு. பிரதமர் தாட்சர் காலத்திலேயே ஒன்றியத்திடம் வாங்கிவைத்த தள்ளுபடியைக் கழிக்காமல் போட்ட கணக்கு அது. அவர்கள் நாட்டுப் புள்ளிவிவர ஆணையமே அது மக்களைத் தவறாக நம்ப வைக்கிறது என்று வாக்கெடுப்புக்கு முன்பே சொல்லியது. அவர்கள் அரசு பட்ஜெட்டுக்கு மதிப்பீடு போட்டுக் கொடுக்கும் அலுவலகம், இந்தப் பிரிவினால் நீண்ட காலத்தில் நாட்டின் உற்பத்தித் திறன் 4 சதவீதம் குறையும் என்கிறது. நாலு சதவீதம் என்றால் ஏதோ சின்னதாகத் தெரியும். நாட்டின் வருமானத்தில் நூற்றுக்கு நாலு என்றால் அந்த பஸ்ஸில் எழுதிய தொகையைவிட அது பல மடங்கு பெரிது.

பவுண்ட் விழுந்ததை நான் நேரில் பார்த்தவன். வாக்கெடுப்பு நடந்த 2016 ஜூன் 23 அன்று ஒரு பவுண்ட் நூறு ரூபாயை ஒட்டி இருந்தது. மறுநாள் காலையில் ஆபீஸில் எல்லோரும் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றோம். அக்டோபரில் எண்பத்துச் சொச்சம். பவுண்டில் சம்பாதித்து வெளிநாட்டுச் சாமான் வாங்கும் அந்த ஊர்க்காரனுக்கு ஒரே ராத்திரியில் சம்பளம் வெட்டியது மாதிரிதான் அது. உடனே பையரிடமிருந்து மெயில் வந்தது: விலையைக் குறையுங்கள். குறைத்தோம். அந்த வருஷம் தையல் பிரிவுப் பெண்களுக்கு ஓவர்டைம் இல்லாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி மாப்பிள்ளை சொல்வதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஐரோப்பிய நர்சுகள் வருவது மளமளவென்று குறைந்தது. அதில் ஒரு பங்கு, 2016 தொடக்கத்திலிருந்து அவர்களுக்கும் ஆங்கிலத் தேர்வு வைத்ததால். மீதி, இந்த நாடு நம்மை வேண்டாம் என்கிறது என்று அவர்கள் மனசில் பட்டதால். அந்தக் காலி இடங்களுக்கு நம் பிள்ளைகளும் கேரளத்துப் பிள்ளைகளும் பிலிப்பைன்ஸ் பிள்ளைகளும் போனார்கள். 2020 ஆகஸ்டில் சுகாதாரப் பணி விசா வந்தது, 2022இல் முதியோரைப் பராமரிக்கும் கேர் ஒர்க்கர்களையும் அதில் சேர்த்தார்கள். ஆனால் அதே அரசாங்கம் 2024 மார்ச்சில் கேர் ஒர்க்கர்கள் குடும்பத்தை அழைத்து வரக்கூடாது என்றது. அதற்குப் பின் வந்த அரசாங்கம் 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கேர் ஒர்க்கர் எடுப்பதையே நிறுத்தியது. நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு ஐந்து வருஷத்தைப் பத்தாக்கும் பேச்சும் 2025இல் கிளம்பியது. உனக்கு இது எவ்வளவு கவலை என்று எனக்குத் தெரியும். வந்தவர்களைக் குறைப்பதாகச் சொல்லி ஓட்டு வாங்கினார்கள். நிகரக் குடியேற்றம், அதாவது வந்தவர்களில் வெளியே போனவர்களைக் கழித்த கணக்கு, 2023இல் ஒன்பது லட்சத்தைத் தாண்டியது. முட்டைக்கோஸ் வயலுக்கு இப்போது கிர்கிஸ்தானிலிருந்தும் உஸ்பெகிஸ்தானிலிருந்தும் ஆறு மாத விசாவில் ஆட்கள் வருகிறார்கள். முன்பு வந்தவனுக்குக் குடும்பம் இருந்தது, ஒரு முதலாளி சரியில்லை என்றால் வேறு இடம் பார்க்கும் உரிமை இருந்தது. இவனுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. இதில் பாஸ்டன் கூலிக்காரனுக்கு என்ன லாபம் என்று மாப்பிள்ளையைச் சொல்லச் சொல்.

நமக்கு லாபம் வந்தால்? அதையும் மறைக்காமல் சொல்கிறேன். 2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தத்தில், ஷூவுக்கு 16 சதவீதம் வரை இருந்த வரி பூஜ்யமாகிறது. ஒன்றியத்துக்குள் இருந்திருந்தால் பிரிட்டன் தனியாக இதைச் செய்திருக்கவே முடியாது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் விடிவதற்கு முன் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பெண்களுக்கு இது நல்ல செய்தி. அடுத்த மாதமே அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, ஒரு நாட்டை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று நாங்கள் பார்த்தோம். ஆகவே எனக்கு அந்த ஒப்பந்தம் வேண்டும். ஆனால் அதனால் பிரிட்டனுக்கு என்ன கிடைக்கும் என்று அவர்கள் அரசாங்கமே கணக்குச் சொல்கிறது: நீண்ட காலத்தில் வருஷத்துக்கு 480 கோடி பவுண்ட். அவர்கள் பொருளாதாரத்தில் அது ஆயிரத்தில் ஒரு பங்கு சொச்சம். நாலு சதவீதத்தை விட்டு இதை வாங்கினார்கள். நம் வீட்டுக்கு நாலு காசு வருகிறது என்பதற்காக, அந்த ஊர் ஜனங்களுக்கும் நல்லது நடந்தது என்று நான் சொல்ல முடியாது.

சட்டம் போடும் உரிமை என்றும் சொல்வார்கள். நம் வேலையிலேயே ஒன்றைப் பார். 'குரோமியம்-6' என்ற நச்சு, ஒரு கிலோ தோலில் 3 மில்லிகிராமை எட்டக்கூடாது என்ற விதியை 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்த விதி வந்த பிறகு இங்கே எத்தனை டேனரிகள் பதனிடும் முறையை மாற்றின! பாலாற்றங்கரையில் பிறந்தவன் என்ற முறையில் அந்த விதியை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். பிரிட்டன் வெளியே வந்தும் அதை அப்படியே வைத்துக்கொண்டது. வைத்துக்கொண்டதுதான் சரி. முன்பு அந்த விதியை எழுதும் மேசையில் அவர்களுக்கு ஒரு நாற்காலி இருந்தது, இப்போது இல்லை. 2025 மே மாதம் ஒன்றியத்தோடு மறுபடி உட்கார்ந்து, உணவுப் பொருள் சோதனைகளைக் குறைக்க ஒரு ஒப்பந்தம் போடப் பேசலாம் என்று முடிவு செய்தார்கள். நட்ட கேட்டில் ஒரு பக்கத்தைக் கழற்றப் பார்க்கிறார்கள்.

நம் ஊரிலும் பிரிய வேண்டும் என்று பேசிய காலம் உண்டு. 1963இல் அண்ணா திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டபோது, அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று சொல்லித்தான் கைவிட்டார். உள்ளே இருந்துகொண்டே மாநில உரிமைக்குச் சண்டை போட்டதால் நாம் தாழ்ந்து போய்விடவில்லை. உங்கள் தாத்தா அந்தக் கூட்டங்களுக்கெல்லாம் சைக்கிளில் போனவர்.

எந்தக் கட்சிக்கு ஓட்டு என்று நான் சொல்ல மாட்டேன், அது உன் உரிமை. வாசலில் வந்து ஓட்டுக் கேட்கிறவர்களிடம் ஒன்று மட்டும் கேள்: டாக்டர் அப்பாயின்ட்மென்டுக்கும் வாடகைக்கும் என்ன செய்யப் போகிறீர்கள், அதற்குப் பணம் எங்கிருந்து வரும்? பதில் சொல்லாமல் வெளிநாட்டுக்காரனைக் கை காட்டுகிறவர்களுக்கு, நீயும் அவர்களுக்கு வெளிநாட்டுக்காரிதான் என்பதை மறக்காதே.

வாக்காளர் பட்டியலில் உன் பெயரும் மாப்பிள்ளை பெயரும் இருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடு. வீடு மாறினீர்களே, விலாசத்தையும் மாற்ற வேண்டும். 2023 முதல் அங்கே போட்டோ அடையாளம் கேட்கிறார்கள். நம் பாஸ்போர்ட்டே செல்லும், காமன்வெல்த் நாட்டுப் பாஸ்போர்ட்டை ஏற்றுக்கொள்கிறார்கள். உன்னுடையதைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தால், தேர்தலுக்கு முன் கைக்கு வருமா என்று விசாரித்துக்கொள்.

அன்புடன்,
அப்பா