ஒரு கையெழுத்தும் இராதாபுரத்தின் 49 ஓட்டும்

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. தேர்தல் பணி ஆணை வந்துவிட்டது என்று போனில் சொன்னாய், சந்தோஷம். தபால் ஓட்டுக்கு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டதற்கு, "எங்க ஸ்கூல் ஹெச்.எம்.கிட்டயே கையெழுத்து வாங்கிக்கிடுவேன்பா" என்றாய். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பட்டியலில் உன் பெயர் இன்னும் நம்ம இராதாபுரம் தொகுதியில்தான் இருக்கிறது. பள்ளித் தலைமையாசிரியர் போட்ட கையெழுத்து செல்லுமா செல்லாதா என்ற கேள்வி, இந்தத் தொகுதியின் எம்.எல்.ஏ. யார் என்பதையே உயர் நீதிமன்றம் வரை இழுத்துக்கொண்டு போன கதை உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வள்ளியூர், பணகுடி, கூடங்குளம், இடிந்தகரை, உவரி என்று விவசாய ஊரும் கடற்கரை ஊரும் கலந்த தொகுதி இது. எண் 228. காங்கிரஸ் வேர் இங்கே ஆழம். 1984-இல் குமரி அனந்தன் காந்தி காமராஜ் தேசிய காங்கிரஸ் சார்பில் வென்றார். 1989, 1991 இரண்டிலும் ரமணி நல்லதம்பி, காங்கிரஸ். 1996-இல் மூப்பனார் தனிக்கட்சி தொடங்கியபோது தமிழ் மாநில காங்கிரஸ் வேட்பாளராக மு.அப்பாவு. கட்சிப் பெயர் மாறினாலும் நான்கு தேர்தலிலும் ஜெயித்தது ஒரே மரத்துக் கிளைகள்.

அதன் பிறகுதான் ஆளைப் பார்த்து ஓட்டுப் போடும் வழக்கம் வெளிப்படையாகத் தெரிந்தது. 2001-இல் அதே அப்பாவு சுயேச்சையாக நின்று ஜெயித்தார். இதைச் சாதாரணமாக நினைக்காதே. பெரிய கட்சிக்குச் சின்னம் ஆண்டாண்டாக மக்கள் மனதில் இருக்கும். சுயேச்சைக்கோ வேட்புமனு வாபஸ் முடிந்த பிறகுதான் சின்னம் ஒதுக்குவார்கள். அதற்கும் வாக்குப்பதிவுக்கும் இடையில் பெரும்பாலும் இரண்டு வாரம்தான் கிடைக்கும். அதற்குள் புதுச் சின்னத்தை ஊர் ஊராகக் கொண்டு சேர்க்க வேண்டும். 2006-இல் அவரே தி.மு.க. வேட்பாளராக வென்றார். மூன்று தேர்தல், மூன்று அடையாளம், ஒரே ஆள். 2011-இல் தே.மு.தி.க.வின் மைக்கேல் ராயப்பன், அ.தி.மு.க. கூட்டணியில் நின்று வந்தார்.

இனி 2016. மே 16 வாக்குப்பதிவு, 19 எண்ணிக்கை. அ.தி.மு.க.வின் இன்பதுரைக்கு 69,590. தி.மு.க.வின் அப்பாவுக்கு 69,541. வித்தியாசம் 49. அதே தேர்தலில் காட்டுமன்னார்கோவிலில் திருமாவளவன் தோற்றது 87 ஓட்டில். அதைவிடவும் குறைவு இது. இரண்டு பேருக்கும் சேர்த்து 1,39,131 ஓட்டு விழுந்த இடத்தில் 49 என்பது ஒரு தெருவின் ஓட்டு.

தோற்றவர் தரப்பு இரண்டு விஷயங்களைச் சொல்லி வழக்குப் போட்டது. ஒன்று, 203 தபால் ஓட்டுகளைத் தவறாகத் தள்ளிவிட்டார்கள் என்பது. வாக்காளர் கையெழுத்து அவருடையதுதான் என்று சான்றொப்பமிட்ட தலைமையாசிரியர்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்று தள்ளியிருந்தார்கள். இன்னொன்று, கடைசி 19, 20, 21-ஆம் சுற்றுகளில் தங்கள் முகவர்களை வெளியேற்றிவிட்டு எண்ணினார்கள் என்பது.

தபால் ஓட்டு எப்படிச் செல்லாததாகிறது என்பதை நீ கண்ணால் பார்ப்பதுபோல் சொல்கிறேன். எண்ணும் மேசையில் முதலில் பெரிய உறையைப் பிரிப்பார்கள். அது படிவம் 13-சி. அதற்குள் இரண்டு பொருள் இருக்க வேண்டும்: 13-ஏ என்ற உறுதிமொழித் தாள், 13-பி என்ற ஒட்டிய சின்ன உறை. அதிகாரி முதலில் 13-ஏவைத்தான் கையில் எடுப்பார். தாள் இருக்கிறதா, வாக்காளர் கையெழுத்து இருக்கிறதா, சான்றொப்பம் இருக்கிறதா, அதில் எழுதிய வாக்குச்சீட்டு எண்ணும் சின்ன உறையின் மேல் எழுதிய எண்ணும் ஒன்றா என்று பார்ப்பார். ஒன்று தவறினாலும் 13-பியைப் பிரிக்கவே கூடாது என்பது விதி. மேலே நிராகரிப்பு என்று எழுதி, எல்லாவற்றையும் பெரிய உறையிலேயே திரும்பப் போட்டுக் கட்டிவிடுவார்கள். யாருக்குப் போட்டாய் என்று யாருக்கும் தெரியாமலே உன் ஓட்டு அந்தக் கட்டுக்குள் கிடக்கும். இத்தனைக்கும் தபால் ஓட்டுப் போடுகிறவர்களில் பெரும்பாலோர் தேர்தலையே நடத்திக்கொடுக்கும் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும். நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

சுற்று விஷயமும் நீ தெரிந்துகொள்ள வேண்டியது. வழக்கமாக ஒரு தொகுதிக்கு 14 மேசை. ஒரு சுற்றில் 14 வாக்குச்சாவடி முடியும். மேசைக்கு வரும் இயந்திரத்தின் எண், சீல், மொத்த ஓட்டு மூன்றையும் முகவர்கள் 17-சி படிவத்தின் நகலோடு ஒத்துப் பார்ப்பார்கள். வாக்குப்பதிவு முடிந்ததும் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் எழுதிக் கொடுக்கும் கணக்குதான் 17-சி. அதை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுது. காலையில் மாதிரி வாக்குப்பதிவில் போட்ட குறைந்தது 50 ஓட்டையும் அழித்துவிட்டுத்தான் நிஜ வாக்குப்பதிவைத் தொடங்க வேண்டும். அழிக்க மறந்தால் இயந்திரம் ஒரு மொத்தம் காட்டும், 17-சி வேறொன்று காட்டும். இராதாபுரம் மாதிரி இழுபறித் தொகுதியில் அந்த ஒரு சாவடியே பெரிய சண்டையாகிவிடும்.

வழக்கு என்ன ஆனது என்று கேட்பாய். முடிவு அறிவித்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனுப் போட வேண்டும். ஆறு மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நடந்தது என்னவென்றால், மறு எண்ணிக்கைக்கு உத்தரவு வரவே 2019 அக்டோபர் 1 ஆகிவிட்டது. தபால் ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னார்கள். அக்டோபர் 4-ஆம் தேதி உயர் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். அன்றே உச்ச நீதிமன்றம் முடிவை வெளியிடத் தடை போட்டது. அந்தச் சட்டமன்றத்தின் ஆயுள் முடியும்வரை அந்த எண்ணிக்கை வெளியே வரவேயில்லை. ஐந்து வருடமும் தொகுதியின் பிரதிநிதி யார் என்ற கேள்வி அப்படியே நின்றது. இரண்டு பேரில் யார் பக்கம் நியாயம் என்று நான் பேசவில்லை. ஓட்டுப் போட்டவனுக்கு விடை கிடைக்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். 2021-இல் அதே இருவரும் மறுபடி மோதினார்கள். அப்பாவு 82,331, இன்பதுரை 76,406. வித்தியாசம் 5,925 என்பதால் கேள்விக்கே இடமில்லை. அப்பாவு அந்த மே மாதமே பேரவைத் தலைவரானார்.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதல் பயிற்சி வகுப்பிலேயே தபால் ஓட்டு கேட்கும் விண்ணப்பமான படிவம் 12-ஐ நிரப்பி, பணி ஆணையின் நகலோடு கொடுத்துவிடு. வாக்குப்பதிவுக்கு ஏழு நாளுக்கு முன் போய்ச் சேர வேண்டும் என்பது பொது விதி. கடைசி நாள்வரை வைத்திருக்காதே, நீ வேறு மாவட்டத்தில் இருக்கிறாய், வாக்குச்சீட்டு இங்கிருந்து அங்கே வர வேண்டும். 2023-இல் விதியைத் திருத்திய பிறகு, தேர்தல் பணியில் இருப்பவர்கள் வசதி மையத்திலேயே சீட்டை வாங்கி, அங்கேயே ஓட்டுப் போட்டு, அங்கேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பள்ளியில் கையெழுத்து வாங்கி அஞ்சலில் அனுப்பிய காலம் போய்விட்டது. மையத்தில் சான்றொப்பமிடவே அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் ஒருவர் இருப்பார். அவர் முன்னாலேயே கையெழுத்துப் போடு. அவர் கையெழுத்தோடு பெயர், பதவி, முத்திரை மூன்றும் 13-ஏயில் இருக்கிறதா என்று நின்று பார்த்துவிட்டு நகரு. கூட்டமாக இருக்கும், பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்துவார்கள், பரவாயில்லை.

சீட்டு கைக்கு வந்ததும் முதல் வேலை அதன் எண்ணை 13-ஏயிலும் 13-பியின் மேலும் எழுதுவது. ஓட்டுப் போட்ட பிறகு எழுதலாம் என்று வைத்தால், சீட்டை உள்ளே ஒட்டிவிட்டு எண்ணைத் தேடுவாய். குறி ஒரே வேட்பாளருக்கு நேராக, அடுத்த கட்டத்தில் படாமல் இருக்கட்டும். சீட்டில் கையெழுத்து, பெயர் எதுவும் கூடாது. வாக்காளரை அடையாளம் காட்டும் எழுத்து எதுவும் ஓட்டைச் செல்லாததாக்கும். சீட்டு மட்டும் சின்ன உறைக்குள் போகும். 13-ஏ அதற்கு வெளியே, பெரிய உறைக்குள். நிறையப் பேர் தவறுவது இங்கேதான். பொறுப்பாக உறுதிமொழியையும் சீட்டோடு சேர்த்து உள்ளே வைத்து ஒட்டிவிடுவார்கள். மேசையில் பெரிய உறையைப் பிரித்தால் உறுதிமொழி கண்ணில் படாது. அவ்வளவுதான், ஓட்டுப் போச்சு.

வெற்றி வித்தியாசம் தள்ளிய தபால் ஓட்டுகளின் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருந்தால், தள்ளியவற்றையெல்லாம் மறுபடி சரிபார்த்த பிறகே முடிவை அறிவிக்க வேண்டும் என்று இப்போது தேர்தல் ஆணையத்தின் அறிவுரை இருக்கிறது. தபால் ஓட்டு எண்ணி முடித்த பிறகே இயந்திர எண்ணிக்கையின் கடைசிக்கு முந்தைய சுற்றைத் தொடங்க வேண்டும் என்று 2025 செப்டம்பரிலும் உத்தரவு போட்டிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனாலும் சான்றொப்பம் இல்லாத தாளை எத்தனை முறை சரிபார்த்தாலும் அது சான்றொப்பம் இல்லாத தாள்தானே, தாயீ.

படிவம் 12-இல் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் கேட்பார்கள். பழைய பூத் சிலிப்பைப் பார்த்து எழுதாதே, பட்டியல் திருத்தத்தில் எண் மாறியிருக்கும். புதுப் பட்டியலைப் பார்த்து இரண்டையும் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அம்மா முறுக்கு சுட்டு அனுப்பியிருக்கிறாள், டப்பாவின் அடியில் உன் வாக்காளர் அட்டையும் இருக்கிறது. எடுத்துப் பையில் வை.

அன்புடன்
அப்பா