ஜிப்சியை எவ்வளவு உயர்த்துவது?

மஞ்சக்குப்பம், கடலூர்
தை மாதம்

அன்புள்ள நண்பா,

வால்பாறையிலிருந்து நீ எழுதிய கடிதம் பொங்கலுக்கு முதல் நாள் வந்து சேர்ந்தது. நான் வாங்கியிருக்கும் பழைய மாருதி ஜிப்சி ஜீப்பின் உயரத்தைக் கூட்ட நீ வரைந்து அனுப்பிய படத்தையும், "பட்டையை ஆக்சிலுக்கு மேலே ஏற்றிவிடு, ஐந்து அங்குலம் கிடைக்கும்" என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்ததையும் பலமுறை படித்தேன். இரண்டு வாரமாக வண்டிக்கு அடியில் படுத்தும் அளந்தும் பார்த்தபின், உன் யோசனையிலிருந்து விலகிய ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அதை உன்னிடம் காரணத்தோடு சொல்லிவிட்டுத்தான் வண்டியைப் பட்டறையில் விட வேண்டும் என்பது என் எண்ணம்.

வண்டி 2007ஆம் ஆண்டின் ஜிப்சி கிங், 1298 சி.சி. பெட்ரோல் இன்ஜின், 80 குதிரைத்திறன். முன்னும் பின்னும் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இரும்பாலான முழு ஆக்சில், நான்கு பக்கமும் வளைந்த இரும்புத் தகடுகளை அடுக்கிய பட்டை ஸ்பிரிங். இதுவரை புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய ஒரு வீட்டில் நின்றிருந்த வண்டி என்பதால், இன்ஜினைவிட அடித்தளத்தைத்தான் முதலில் பார்த்தேன். ஓட்டுநர் கால் வைக்கும் இடத்து ரப்பர் விரிப்பைத் தூக்கிவிட்டு ஸ்க்ரூ டிரைவரை லேசாக அழுத்தினேன். அது எந்தத் தடையும் இல்லாமல் தகட்டுக்குள் இறங்கி, மறுபக்கம் வெளியே வந்தது. பிறகு மெக்கானிக் சிறு சுத்தியலால் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு இருக்கும் இடமெல்லாம் கணீரென்று ஒலித்தது. பின்பக்கம், பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிள் மாட்டியிருக்கும் இடத்துக்கு அருகே மட்டும் ஒலி மங்கி, செதில் செதிலாகத் துரு உதிர்ந்தது. பட்டையின் முழுப் பாரத்தையும் தாங்கும் இடம் அது. அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்காமல் உயரத்தைப் பற்றிப் பேசுவது, அரித்துப்போன தூணின்மேல் மாடி கட்டுவது போன்றது. ஆகவே முதல் செலவு துருவுக்குத்தான். அதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை.

இனி உயரத்துக்கு வருகிறேன். முன்பு வைத்திருந்தவர் எங்கேயோ ஒரு கடையில் முன்பக்கம் மட்டும் நீளமான ஷேக்கிள் மாட்டியிருக்கிறார். ஷேக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி ஒரு அங்குலம்தான் உயரும் என்பது உனக்குத் தெரியும். ஆனால் ஜிப்சியில் முன் ஷேக்கிள் பட்டையின் முன்முனையில் இருப்பதால், அதை நீட்டும்போது பட்டையின் முன்முனை தாழ்ந்து, ஆக்சிலே முன்னோக்கிச் சற்றுச் சுழன்றுவிடுகிறது. அதனால் முன்சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வான காஸ்டர் கோணம் குறைந்து, ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பும் குணத்தை இழக்கிறது. வண்டியை வாங்கிய அன்று புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு ஓட்டிவந்தபோது, எழுபது கிலோமீட்டர் வேகத்தில் அது சாலையின் இருபுறமும் அலைந்த அலைச்சலில் என் உள்ளங்கை வியர்த்துவிட்டது. அந்தக் கடைக்காரர் ஒரு அங்குலத்தைக் கொடுத்து, வண்டியின் நிதானத்தை எடுத்துக்கொண்டுவிட்டார். வீட்டுக்கு வந்த மறுநாளே பழைய அளவு ஷேக்கிளுக்குச் சொல்லிவைத்துவிட்டேன். முன்பக்கம் கனத்த இரும்புக் குழாயால் ஒரு பம்பர் காவலும் போட்டிருந்தார்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு கூடாதென்று சொன்ன பொருள் அது. அதையும் கழற்றினேன், அந்த எடை போனதுமே மூக்கு சிறிது நிமிர்ந்தது.

எனக்கு உண்மையில் எங்கே உயரம் போதவில்லை என்பதைக் கண்டுகொள்ள, வண்டியைப் பண்ருட்டிக்கு அப்பால் இருக்கும் நம் முந்திரித் தோப்புக்குக் கொண்டுபோனேன். தானே புயலுக்குப் பிறகு நீ ரம்பத்தோடு வந்து விழுந்த மரங்களை அறுத்துக் கொடுத்தாயே, அதே தோப்புதான். அப்போது வைத்த கன்றுகள் இப்போது நிழல் தரும் மரங்களாகிப் பூ எடுத்திருக்கின்றன. அங்கே போகும் செம்மண் பாதையில் டிராக்டர் சக்கரங்கள் இரண்டு பக்கமும் ஆழமாகத் தடம் போட்டிருக்க, நடுவில் புல் முளைத்த மண்மேடு நீளமாக எழுந்து நிற்கிறது. ஓரிடத்தில் அடியில் கரகரவென்று உரசும் சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தால், பின் ஆக்சிலில் பூசணிக்காய் போல் தொங்கும், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் உறைதான் மண்மேட்டைச் சீவிக்கொண்டு வந்திருக்கிறது. அதன் அடிப்பகுதி பெயிண்ட் போய்ப் பளபளத்தது.

இந்த இடத்தில்தான் என் எண்ணம் மாறியது. முழு ஆக்சில் வண்டியில் பட்டைக்கு எவ்வளவு உயரம் கொடுத்தாலும் பாடிதான் மேலே போகும். ஆக்சிலும் அந்த உருண்டையும் சக்கரத்தின் மையத்தோடு ஒட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். அவற்றை உயர்த்த டயரின் விட்டம் ஒன்றால்தான் முடியும். இப்போது இருக்கும் 205/70 ஆர் 15 டயரின் விட்டம் 668 மில்லிமீட்டர். 215/75 ஆர் 15 போட்டால் அது சுமார் 703 ஆகும். பாதி கணக்கில் ஆக்சில் ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் உயரும். எண்ணிக்கையில் சிறியதுதான், ஆனால் என்னை உரசும் மேடும் அவ்வளவுதான். ஸ்பீடோமீட்டர் அறுபது காட்டும்போது வண்டி அறுபத்து மூன்றில் போகும் என்பதையும், சிறிய இன்ஜினுக்கு இழுவை சற்றுக் கனக்கும் என்பதையும் ஏற்றுக்கொள்ளலாம்.

உன் யோசனையை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஜிப்சியில் பட்டை ஆக்சிலுக்குக் கீழே தொங்குவதால், பட்டையை ஆக்சிலோடு இறுக்கும் யு போல்ட் தட்டுகள் பாறையில் மாட்டுவது உண்மை. பட்டையை மேலே ஏற்றினால் அந்தத் தொல்லை தீரும். பாறையும் ஏற்றமும் நிறைந்த உன் எஸ்டேட் பாதைக்கு அது பொருந்தலாம். ஆனால் ஐந்து அங்குலம் உயர்ந்தால் ஸ்டீயரிங் இணைப்புக் கம்பி சாய்ந்து, ஒவ்வொரு குழியிலும் ஸ்டீயரிங் தானே திரும்பும். பிரேக் ஹோஸ்கள் எட்டாது. ஆக்சிலுக்கு விசையைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கூடி ஜாயிண்டுகள் விரைவில் தேயும். ஷாக் அப்சார்பர் நான்கும் நீளமானதாக வேண்டும். சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலம் 1300 மில்லிமீட்டர் மட்டுமே உள்ள ஒடுங்கலான வண்டி இது. ஆழியாற்றுக்கு மேலே நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் அதை அவ்வளவு உயரத்தோடு நீ ஓட்டுவதை நினைத்தாலும் எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

சட்டமும் ஒரு காரணம். புதுச்சேரியின் பி.ஒய்.01 எண்ணோடு இருக்கும் வண்டியைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால், தடையில்லாச் சான்று வாங்கிக் கடலூரின் டி.என்.31 எண்ணுக்கு மாற்றியாக வேண்டும். 2027இல் பதிவையும் புதுப்பிக்க வேண்டும். இரண்டு முறையும் வண்டி ஆய்வாளர் முன் நிற்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது; அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம் உண்டு. டயர் அளவைக்கூட ஆய்வாளரிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் கேட்டுக்கொண்டுதான் வாங்குவேன்.

ஆகவே பட்டையில் நான் செய்யப்போவது, கம்பெனி கொடுத்த உயரத்தை மீட்பது மட்டும்தான். சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்ததில், ஓட்டுநர் பக்கம் மறுபக்கத்தைவிட 22 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. பதினெட்டு ஆண்டுகளில் பட்டைகள் சோர்ந்து தட்டையாகிவிட்டன. முதுநகரில் லாரிப் பட்டைக்கு வளைவு எடுத்துக் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார். ஆனால் நெருப்பில் காய்ச்சி வளைத்த பட்டை சில மாதங்களில் மீண்டும் இறங்கிவிடும் என்று அவரே நேர்மையாகச் சொன்னதால், நான்குக்கும் புதுப் பட்டையும் புதுப் புஷ்ஷும் போடத் தீர்மானித்துவிட்டேன்.

கடலூர்க்காரனுக்குத் தேவையான இன்னொரு வேலை தண்ணீருக்கானது. பின் ஆக்சில் ஆயிலை இறக்கியபோது, அது பால் அதிகம் விட்ட தேநீரின் நிறத்தில் வந்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது, தேங்கிய வெள்ளத்தில் வண்டியை ஓட்டியதாக முன்பு வைத்திருந்தவர் ஒப்புக்கொண்டார். ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, ஆக்சிலின் காற்றுத் துளையான ப்ரீதர் வழியாகவும் தேய்ந்த சீல் வழியாகவும் நீரை உறிஞ்சிக்கொள்கிறது. இரண்டு ஆக்சிலின் ப்ரீதரிலும் ரப்பர் ஹோஸ் மாட்டி, இன்ஜின் அறையின் மேல்பகுதி வரை கொண்டுவந்து கட்டப்போகிறேன். சில நூறு ரூபாயில் முடியும் இந்த வேலைதான், அந்த டிசம்பரில் தென்பெண்ணைக் கரையோர ஊர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோக வண்டி இல்லாமல் நாங்கள் தவித்ததை நினைக்கும்போது, எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தோன்றுகிறது.

பங்குனியில் முந்திரிக்கொட்டை பொறுக்கத் தொடங்குவதற்குள் வேலை முடிய வேண்டும். புதுப் பட்டை போட்டு 500 கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட்டுகளை மறுபடி சரியான அளவுக்கு முறுக்க வேண்டும். உன்னிடம் இருக்கும் டார்க் ரெஞ்சை எடுத்துக்கொண்டு அந்தச் சமயத்தில் வந்துவிடு. தோப்புப் பாதையில் அந்த மண்மேட்டின்மேல் நீயே ஓட்டிப் பார். உரசினால் உன் படத்தை மறுபடி விரித்துவைத்துப் பேசலாம். வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்