கூட இருப்பவரிடம் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் ஊருக்கு வரும் தன்னார்வலர் வீடு வீடாகப் பெரியவர்களுக்குப் பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். நல்ல காரியம். அப்படியே இன்னும் ஐந்து நிமிடம் நின்று, வீட்டிலிருக்கும் மகளிடமோ மருமகளிடமோ எட்டே கேள்வி கேட்டால், மறதி நோய் முற்றுவதற்குள் பல பேரை டாக்டரிடம் கொண்டுபோய்விடலாம்.

நான் சொல்வது ஏடி8 என்ற கேள்வித்தாள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழக டாக்டர்கள் 2005-ல் வெளியிட்டது. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாரா, மாதம் வருடம் மறக்கிறதா, கணக்கு வழக்கில் தடுமாறுகிறாரா என்று கேட்கும். சில வருடங்களுக்கு முன்பு இருந்ததைவிட மாற்றம் தெரிகிறதா என்பதுதான் முக்கியம். இரண்டு கேள்விக்கு 'ஆமாம்' வந்தாலே மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும்.

எங்கள் பெரியம்மா பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர். பால் சொசைட்டிக் கணக்கு, சீட்டுப் பணம், யார் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு மொய் வைத்தோம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மறதி நோயா என்று பார்க்க ஓர் ஆஸ்பத்திரியில் அவரை நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். படம் பார்த்து வரையச் சொன்னார்கள். பென்சிலை எப்படிப் பிடிப்பதென்றே அவருக்குத் தெரியவில்லை. மார்க் குறைந்தது நோயாலா, படிக்காததாலா? கூட வந்த மருமகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்து நாளுக்கு முன் ஈன்ற மாட்டில் பால் கறந்துகொண்டே, "இது எப்பக் கன்னு போடும்?" என்று பெரியம்மா கேட்டதை அந்தப் பெண் பார்த்திருக்கிறார். அதைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்? படித்தவர்கள் கதை நேர்மாறு. ரிட்டயர்டு வாத்தியார் பரீட்சையில் தேறிவிடுவார், மாற்றம் அவர் வீட்டம்மாவுக்குத்தான் தெரியும்.

கேட்பதையும் ஆள் பார்த்துக் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து போன் பேசும் மகன், "அம்மா நல்லாத்தானுங்க பேசறாங்க" என்பார். மாமியார் முன்னால் மருமகள் வாய் திறக்க மாட்டார். அவரைத் தனியே கேட்க வேண்டும். கேள்வியும் நம் ஊருக்குப் பொருந்த வேண்டும். மைக்ரோவேவ், வருமான வரி என்று அதில் வருகிற உதாரணங்கள் தோட்டத்துச் சாளையில் எடுபடாது. மோட்டார் ஸ்டார்ட்டர், செல்போன், ஆள் கூலி என்று மாற்றி, டாக்டர்கள் அதைச் சோதித்துப் பார்த்த பிறகே கையில் கொடுக்க வேண்டும்.

இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று 2023-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. வயதாகிப் புத்தி தடுமாறி அறளை பெயர்ந்துவிட்டது என்று நாம் ஒதுக்கிவைக்கும் சிலருக்கு பி12 குறைவோ, தைராய்டோ, மனச்சோர்வோ மட்டும்கூட இருக்கலாம். இவை மருந்துக்குக் கட்டுப்படும்.

கேள்வித்தாளே நோயை உறுதி செய்துவிடாது. அதனால் தன்னார்வலர் வாசலில் நின்று நோயின் பெயரைச் சொல்லிவிடக் கூடாது. சீட்டு எழுதிக் கொடுத்தால், மாவட்டத் தலைமை மருத்துவமனையில் வாரத்தில் ஒரு நாள் அதற்கென்றே டாக்டர் இருக்க வேண்டும். ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்ட நிர்வாகங்கள் இதை ஒரு வட்டாரத்திலாவது தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோபிசெட்டிபாளையம்